விளிம்பில் நிற்கப் பழகு

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். 24 வயதில் ஃபிகர் ஸ்கேட்டிங் தொடங்கலாம். இங்கே ஆட்டவாவில் என்னோடு காலை வகுப்புக்கு வருகிறவர்களில் பேரன் பேத்தி எடுத்த பிறகு முதன்முதலாக ஸ்கேட் மாட்டியவர்களும் உண்டு. மிசிசாகாவுக்கு வந்ததிலிருந்து ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டே இருந்தது போதும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. குளிரைச் சகித்துக்கொண்டு மட்டும் இந்த நாட்டில் காலம் தள்ள முடியாது. குளிருக்குள் இறங்கிச் செய்ய ஏதாவது ஒன்று வேண்டும்.

ஆனால் எதைத் தொடங்குகிறாய் என்பது உனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒலிம்பிக்கில் பார்க்கிறோமே, காற்றில் மூன்று சுற்று, நான்கு சுற்று, அவையெல்லாம் ஐந்தாறு வயதிலிருந்தே பனியில் வளர்ந்த உடல்களுக்கு உரியவை. உனக்கு அவை வராது. இதை நான் மழுப்பிச் சொன்னால் ஓராண்டு கழித்து மனம் வெறுத்து ஸ்கேட்டைப் பரணில் போட்டுவிடுவாய். ஒரு சுற்றுத் தாவல்கள் வரும். சுழற்சி வரும். பின்பக்கமாகச் சறுக்குவது வரும். ஐஸ் டான்ஸின் தொடக்க நடனங்கள் வரும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற விளிம்பு வரும். நான் உனக்குச் சொல்ல வந்தது அந்த விளிம்பைப் பற்றித்தான்.

கடையில் ஒரு ஃபிகர் ஸ்கேட்டைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார். பிளேடின் அகலம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். அந்தப் பள்ளத்தின் இரு கரைகளைத்தான் எட்ஜ் என்கிறார்கள். பெருவிரல் பக்கம் இருப்பது உள்விளிம்பு, சுண்டுவிரல் பக்கம் இருப்பது வெளிவிளிம்பு. முன்முனையில் ரம்பம் போல் பற்கள் இருக்கும். அது டோ பிக், ஹாக்கி ஸ்கேட்டில் கிடையாது. நீ நிமிர்ந்து நேராக நின்றால் இரண்டு விளிம்பும் ஒருசேரப் பனியைத் தொடும். உடலை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு விளிம்பு மட்டும் பதியும். அப்போது பிளேடு, நீ திருப்பாமலேயே, வளைந்து போகத் தொடங்கும். இரண்டு கால், காலுக்கு இரண்டு விளிம்பு, முன்னோக்கி, பின்னோக்கி என்று மொத்தம் எட்டு வழிகள். லட்ஸ் என்ற தாவலும் ஃபிளிப் என்ற தாவலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எழும்பும் கணத்தில் பின்பக்க வெளிவிளிம்பில் இருந்தால் லட்ஸ், உள்விளிம்பில் இருந்தால் ஃபிளிப். வேறுபாடு அவ்வளவுதான். அந்தச் சில மில்லிமீட்டரைக் கவனிக்க நடுவர்கள் கேமராப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள்.

ஒரு காலத்தில் போட்டியின் பெரும்பகுதியே பனியில் கோடு வரைவதாக இருந்தது. சுத்தமான பனியில் ஒற்றைக் காலில் எட்டு வடிவம் வரைவார்கள். ஒவ்வொரு வட்டத்தின் குறுக்களவும் வரைபவரின் உயரத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு. பிறகு அதே கோட்டின் மேலேயே மறுபடியும் போக வேண்டும். நடுவர்கள் பனியில் நடந்துவந்து, குனிந்து, கோடு விலகியிருக்கிறதா, வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பெயாட்ரிக்ஸ் ஷூபா இந்தக் கோடுகளின் பலத்தால் தங்கம் வென்றார்; இசைக்கு ஆடும் பகுதியில் அவருக்குக் கிடைத்தது ஏழாவது இடம். தொலைக்காட்சியில் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது எப்படி நடந்தது என்றே விளங்கவில்லை. அதன் பிறகு கோட்டுக்கான மதிப்பெண் படிப்படியாகக் குறைந்து, 1990க்குப் பின் சர்வதேசப் போட்டிகளிலிருந்து அந்தப் பகுதியே எடுக்கப்பட்டுவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிடில் 2015இல் சிலர் கூடி, கறுப்புச் சாயம் ஏற்றிய பனியில் அந்தக் கலைக்கென்றே தனிப் போட்டி நடத்தினார்கள். கறுப்புப் பனியில் வெள்ளைக் கோடு துல்லியமாகத் தெரியும்.

கோடு வரையும் பகுதியைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. தாவல்கள் வளர்ந்தது உண்மைதான். 1882இல் வியன்னாவில் நார்வேக்காரர் ஆக்சல் பால்சன் முன்னோக்கி எழும்பி ஒன்றரைச் சுற்றுப் போட்டார். 2022இல் இலியா மலினின் அதையே நாலரைச் சுற்றாகப் போட்டுக் காட்டினார். பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வளர்ச்சி முழுவதும் சின்ன வயது உடல்களின் கணக்கில் நடந்தது. வளர்ந்த பிறகு வருகிற நமக்குத் திறந்திருப்பது பழைய வாசல்: ஒரு காலில் நின்று, ஒரு விளிம்பில் சாய்ந்து, நடுங்காத ஒரு வளைகோட்டை இழுப்பது. அதற்கு வேண்டியவை கவனம், பொறுமை, முழங்கால் மடிப்பு. 24 வயதுக்காரிக்கு இவற்றில் ஒன்றும் தாமதமாகிவிடவில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

முதல் சில தடவைக்கு ரிங்க் என்கிற பனி அரங்கில் வாடகைக்குத் தரும் ஸ்கேட் போதும். இது உனக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும், கற்றுக்கொள்ள உதவாது. கணுக்கால் பகுதி தொய்ந்து, பிளேடு மழுங்கியிருக்கும். மழுங்கிய பிளேடில் விளிம்பே இருக்காது. தொடர்வது என்று முடிவானதும் சொந்த ஸ்கேட் வாங்கு. விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய அங்காடியில் வேண்டாம். ஃபிகர் ஸ்கேட் மட்டும் பொருத்தித் தருகிற கடைக்குப் போ. ஜாக்சன், ரீடல், எடெயா போன்ற பெயர்களை அங்கே கேட்பாய். பெயரைவிடப் பொருத்தம் முக்கியம். உன் செருப்பு அளவைச் சொல்லிக் கேட்காதே. ஸ்கேட் அளவு பெரும்பாலும் அதைவிட ஒன்று, ஒன்றரை எண் சிறியதாக வரும். மெல்லிய காலுறையோடு போட்டு நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் எந்த நிலையிலும் மேலே எழும்பக் கூடாது. குளிருமே என்று தடித்த கம்பளிக் காலுறை போட நினைப்பாய், வேண்டாம். காலுறைக்குள் பாதம் நழுவினால் உன் சாய்வு பிளேடுக்குப் போய்ச் சேராது.

பூட் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதில் பெரியவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அதே நிலையில் கற்கிற எட்டு வயதுக் குழந்தையின் எடையைப் போல் உன் எடை இரண்டு மடங்குக்கு மேல். அவளுக்குப் போதுமான தொடக்கநிலை பூட் உனக்குச் சீக்கிரம் உடைந்துபோகும். ஒரு படி மேலான விறைப்பு வேண்டும். அதற்காக இரட்டைச் சுற்றுத் தாவல் போடுகிறவர்களின் பூட்டைத் தலையில் கட்டினாலும் வாங்காதே. கணுக்கால் மடியாத பூட்டில் நின்றால் மரக்கட்டை மேல் நிற்பதாகிவிடும். கயிறு கட்டுவதிலும் முறை இருக்கிறது. விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் வளையும் இடத்தில் இறுக்கமாக, மேல் கொக்கிகளில் மறுபடி சற்றுத் தளர்வாக.

புது பிளேடு வந்தவுடன் சாணை பிடிக்கக் கொடு. பிறகு 20 முதல் 40 மணி நேரப் பழக்கத்துக்கு ஒருமுறை. ஹாக்கி ஸ்கேட் மட்டும் தீட்டிப் பழகிய கடையில் கொடுத்தால் டோ பிக்கின் அடிப்பல்லைத் தேய்த்துவிடுவார்கள். பிறகு அது திரும்ப வராது. பனியை விட்டு இறங்கினால் பிளாஸ்டிக் உறை மாட்டாமல் ஓர் அடிகூட நடக்காதே. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, ஈரம் போன பிறகு துணி உறை போட்டு வை. ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் விட்டால் துரு ஏறும்.

விழுவதைப் பற்றி உன் அம்மா என்னிடம் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினாள். அக்காவின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. வளர்ந்தவள் விழும் உயரம் அதிகம், எடை அதிகம். ஆகவே அடியும் அதிகம். தொடக்கத்தில் அதிகம் உடைவது மணிக்கட்டு, விழும்போது கையை நீட்டி ஊன்றுவதால். அதைவிட ஆபத்து பின்பக்கம் சரிந்து தலையின் பின்புறம் அடிபடுவது. ஆகவே ஹெல்மெட் போடு. ஸ்கேட் கனடாவின் கேன்ஸ்கேட் வகுப்புகளில் ஐந்தாம் நிலை முடியும் வரை சி.எஸ்.ஏ. முத்திரை உள்ள ஹாக்கி ஹெல்மெட் கட்டாயம். வயது வந்தோருக்கான வகுப்பில் யாரும் வற்புறுத்தாவிட்டாலும் நீயாகப் போட்டுக்கொள். மணிக்கட்டுக் காப்பு, கையுறை, கால்சட்டைக்குள் போடும் பஞ்சு வைத்த அரைக்கால்சட்டை, முழங்கால் காப்பு, இவற்றுக்கெல்லாம் வெட்கப்பட வேண்டியதில்லை. தொங்கும் துப்பட்டாவோ நீள மஃப்ளரோ வேண்டாம்.

விழப் பழகுவதை வீட்டுக் கம்பளத்தில் தொடங்கு. நிலை தடுமாறினால் முதலில் முழங்காலை மடித்துக் கீழே இறங்கு. இறங்கினால் விழும் தூரம் குறையும். பிறகு ஒரு பக்கமாக, இடுப்பின் சதைப்பகுதி படும்படி சாய். மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொள். கைகளை விரித்து ஊன்றாமல் முன்னால் வைத்து மூடிக்கொள். பனியில் பரப்பிய விரல்மேல் இன்னொருவரின் பிளேடு ஏறலாம். எழும்போது மண்டியிட்டு, ஒரு பாதத்தை ஊன்றி, இரு கையையும் அந்த முழங்காலில் வைத்துத் தள்ளி எழு. முதல் நாளே பனியில் வேண்டுமென்றே சில தடவை விழுந்து எழு. பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் சுற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுவர் தாங்குவதால் அவர்கள் கால் எதையும் கற்பதில்லை.

பனியில் நீ முதலில் பழக வேண்டியது முழங்காலை மடித்து நிற்பது. இங்கே உன் பரதநாட்டியம் உதவும், ஓரளவு தொந்தரவும் தரும். அரைமண்டியில் நீண்ட நேரம் நின்று பழகிய தொடைக்கும் நிமிர்ந்த முதுகுக்கும் இங்கே மதிப்பு அதிகம். ஆனால் அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் விரியும். சறுக்கும்போது முழங்கால் பாதவிரலுக்கு நேர் மேலே முன்னோக்கி மடிய வேண்டும், கணுக்காலும் சேர்ந்து மடிய வேண்டும். தட்டி ஆடும் பழக்கத்தையும் கரையில் விட்டுவிட்டு வா. பாதத்தைத் தூக்கி அடித்தால் பனி உனக்கு வேகம் தராது. பிளேடின் பக்கத்தால் அழுத்தித் தள்ளினால்தான் தரும். விரியும் இடுப்புக்கும் பின்னால் வேலை வரும். மோஹாக் என்று ஒரு திருப்பம் உண்டு, ஒரு காலின் உள்விளிம்பிலிருந்து மறுகாலின் உள்விளிம்புக்குத் திசைமாறி இறங்குவது. உன் வயதில் முதன்முதலாக இடுப்பைத் திறக்கிறவர்கள் அதில் திணறுவார்கள். உனக்கு அது எளிதாக வரும் என்று நினைக்கிறேன்.

நடனத்தைப் பனிக்குக் கொண்டுவந்தவரே நடனக்காரர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் பிறந்த ஜாக்சன் ஹெய்ன்ஸ். 1860களில் விறைப்பாக நின்று கோடு போடுவதுதான் முறை என்றிருந்த காலத்தில் இசையோடு, கையும் உடலும் சேர்த்து ஆடினார். சொந்த நாட்டில் அவ்வளவாக எடுபடவில்லை. ஐரோப்பா போனார், வியன்னா அவரைக் கொண்டாடியது. உட்கார்ந்த நிலையில் சுழலும் சிட் ஸ்பின் அவர் தந்தது. 1875இல் ஃபின்லாந்தில் இறந்தார்.

வகுப்பில் சொல்லித்தரும் வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நடப்பது, இரு காலில் சறுக்குவது, குதிகாலைச் சேர்த்து விரலை விரித்து மீன் வடிவம் போடும் ஸ்விஸில், பனியைச் சீவி நிற்கும் ஸ்நோபிளவ், பிறகு ஒற்றைக் கால். ஒற்றைக் காலுக்கு வரும்வரை வேகமாகப் போகலாம். அங்கே நின்றுவிடு; பல வாரம் நின்றாலும் பரவாயில்லை. மற்றவர்கள் கிராஸ்ஓவருக்கும் சுழற்சிக்கும் ஓடும்போது உனக்கும் கை துறுதுறுக்கும். ஓடாதே.

ரிங்கில் ஹாக்கிக்காக வரைந்த சிவப்பு வட்டங்கள் இருக்கும், குறுக்களவு சுமார் 9 மீட்டர். அதுதான் உன் பலகை. வட்டக்கோட்டில் நின்று வலது காலால் தள்ளி இடது காலின் வெளிவிளிம்பில், வட்டத்துக்குள் சாய்ந்து, எவ்வளவு தூரம் போக முடியுமோ போ. இடுப்பை மட்டும் உள்ளே வளைத்தால் சாய்வு உடைந்துபோகும். கணுக்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாகச் சாய வேண்டும். பார்வை தரையில் வேண்டாம், வட்டத்தில் நீ போகப்போகும் இடத்தில் வை. பாதத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் எடையை வைத்தால் டோ பிக் பனியில் சிக்காது. பிறகு அதே காலின் உள்விளிம்பு. பிறகு மறுகால்.

ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய் உன் தடத்தைப் பார். இதற்காகத்தான் ஜாம்போனி பனியைச் சீர்செய்துவிட்டுப் போன முதல் சில நிமிடங்களை விடக் கூடாது. 1949இல் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ஜாம்போனி உருவாக்கிய அந்த வண்டி மேல்பனியைச் சீவி, கழுவி, சுடுநீரை மெல்லிய படலமாகப் பரப்பும். அது உறைந்த மேற்பரப்பில் உன் ஒவ்வொரு அசைவும் எழுத்தாக விழும். இரண்டு இணைகோடுகள் தெரிந்தால் நீ சாயவில்லை, இரு விளிம்பிலும் நின்றிருக்கிறாய். ஒற்றை மெல்லிய கோடு வளைந்து போயிருந்தால் அது விளிம்பு. கோடு நெளிந்திருந்தால் கணுக்கால் ஆடியிருக்கிறது. நடுவில் கோடு நேராகிவிட்டால் அந்த இடத்தில் பயந்து நிமிர்ந்திருக்கிறாய். தொடக்கத்தில் சின்னச் சின்னக் குத்துப் புள்ளிகள் இருந்தால் டோ பிக்கால் தள்ளியிருக்கிறாய். பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாத நாளிலும் பனி உனக்கு இத்தனையும் சொல்லும். காதையும் பழக்கு. சரியான விளிம்பு துணி கிழிவது போன்ற தாழ்ந்த ஒலி தரும், கரகரவென்று கேட்டால் பற்கள் உரசுகின்றன.

பொதுநேரச் சறுக்கலில் எல்லாரும் இடஞ்சுழியாகவே சுற்றுவார்கள். அதையே செய்துகொண்டிருந்தால் இடப்பக்கம் மட்டும் தேறி, வலப்பக்கம் ஊனமாகவே நிற்கும். கூட்டம் குறைந்த நேரத்தில் நடுவில் போய் எதிர்த்திசை வட்டங்களைப் போடு. பலவீனமான பக்கத்துக்கு எப்போதும் கூடுதல் நேரம் கொடு.

விளிம்பு நிலைத்த பிறகு மற்றவை ஆச்சரியப்படும் அளவுக்கு விரைவாக வரும். கிராஸ்ஓவர் இரண்டு விளிம்புகளின் மாற்றம். த்ரீ டர்ன் ஒரே காலில் முன்னிருந்து பின்னுக்கு விளிம்பு மாறுவது. சுழற்சியும் சிறு வட்டமாக இறுகிப்போன ஒரு பின்விளிம்புதான். தலை சுற்றுமே என்று கேட்பாய். மேடை நடனத்தில் தலையை வெட்டித் திருப்பி ஒரு புள்ளியைப் பார்ப்பது போல் இங்கே செய்வதில்லை. தலை உடலோடு சேர்ந்தே சுழலும். மெல்ல மெல்ல உடம்புக்குப் பழகிவிடும்.

வாரத்துக்கு ஒருநாள் மூன்று மணி நேரம் என்பதைவிட, இரண்டு மூன்று நாள் முக்கால் மணி நேரம் என்பது பலன் தரும். ஒரு குழு வகுப்பில் சேர்ந்துகொள், மாதம் ஓரிரு முறை தனிப் பயிற்சி எடு. பனியில்லாத நாட்களில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில், முழங்காலை லேசாக மடித்தபடி. மிசிசாகா நகரமன்றத்தின் எதிரேயும் டொரன்டோவில் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்திலும் குளிர்காலத்தில் திறந்தவெளி ரிங்க் இருக்கும். சும்மா சறுக்கி மகிழ அவை நல்ல இடங்கள். விளிம்பு பழக உள்ளரங்கப் பனிதான் சரி. ஆட்டவாவுக்கு வந்தால் ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன், பனி உறைந்திருந்தால். 2022-23 குளிர்காலம் முழுவதும் அது திறக்கவே இல்லை. இயற்கைப் பனியில் விரிசல்கள் இருக்கும், டோ பிக் சிக்கும். அதற்குள் உனக்கு விழத் தெரிந்திருக்க வேண்டும்.

போட்டி உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. அமெரிக்காவில் 1995இல் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் பெரியவர்களுக்கென்றே முதல் தேசியப் போட்டி நடந்தது. கனடாவிலும் இருக்கிறது. ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் பல நாட்டுப் பெரியவர்கள் வயதுவாரியாகப் பிரிந்து ஆடுகிறார்கள். 2024இல் மான்ட்ரியலில் டியானா ஸ்டெலாட்டோ-டூடெக் 40 வயதில் இணைப் பிரிவில் உலகப் பட்டம் வென்றதை உனக்கு யாராவது உதாரணம் காட்டுவார்கள். அவர் சிறுவயதில் உயர்நிலையில் ஆடி, காயத்தால் விலகி, 16 ஆண்டு கழித்துத் திரும்பியவர். போற்ற வேண்டியவர்தான். ஆனால் அவர் புதிதாகத் தொடங்கியவர் அல்லர். அவரோடு உன்னை ஒப்பிட்டு மனம் நோகாதே. முதல் ஆண்டில் உனக்கு நான் வைக்கும் இலக்கு இதுதான்: இரு காலிலும், இரு விளிம்பிலும், முன்னோக்கி, அந்தச் சிவப்பு வட்டத்தில் பாதியளவு நெளியாத ஒற்றைக் கோடு.

ஸ்கேட் வாங்க அவசரப்படாதே. அதற்கு முன், மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, ஒரு வெள்ளைத்தாளில் இரு காலும் ஊன்றி நின்று, பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரைந்து, நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்து எனக்குப் படம் அனுப்பு. இரண்டு பாதமும் வேண்டும். ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். கடைக்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அதைப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
சித்தி